வேம்பூர் ஆடா, கலப்பா? மரபணுவில் பார்க்கும் முறை

வெள்ளை உடம்பில் செம்பொட்டு இருந்தால் வேம்பூர் ஆடு, தென் தமிழ்நாட்டுச் செம்மறி இனம். ஆனால் கலப்புக் குட்டிக்கும் பொட்டு விழும். அதனால்தான் ரத்தம் எடுக்கிறோம்.

ஒரே கிடாயின் வாரிசுகளை எடுக்காதீர்கள். முதல் முறை ஒரே பட்டியில் 20 ஆடு எடுத்தேன், பாதி அக்கா தங்கைகள். மறுபடி ஊர் ஊராகப் போனேன். இனத்துக்கு 40 ஆடாவது வேண்டும், பல ஊர்களிலிருந்து. கழுத்து ரத்தக்குழாயில் 5 மில்லி எடுத்து, ஊதா மூடிக் குழாயில் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உள்ளது) விட்டு, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்; குலுக்கினால் செல் உடையும். உடனே ஐஸ் பெட்டி.

அப்புறம் டிஎன்ஏ பிரித்து, 25 மைக்ரோசாட்டிலைட் இடங்களையாவது (டிஎன்ஏயில் சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும் இடங்கள்) பிசிஆரில், அதாவது டிஎன்ஏயை நகலெடுக்கும் முறையில், பெருக்கி நீளம் பாருங்கள். ஓர் இடத்தை மட்டும் நம்பாதீர்கள். அதே நீளத் துண்டு கீழக்கரிசல் என்ற வேறு செம்மறி இனத்திலும் இருக்கலாம். எத்தனை ஆட்டில் இருக்கிறது என்பதுதான் இனத்துக்கு இனம் மாறும்.