சிக்கலான கண்புரை அறுவை சிகிச்சை: மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் வழிமுறை

கண்புரை அறுவை சிகிச்சை பெரும்பாலானோருக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்து, அன்றே வீடு திரும்பக்கூடிய பாதுகாப்பான சிகிச்சையாக இன்று வளர்ந்திருக்கிறது. இதனாலேயே, எந்த மருத்துவரிடம் செய்துகொண்டாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. சாதாரணப் புரைக்கு அந்த எண்ணம் ஓரளவு பொருந்தலாம். ஆனால் பரிசோதித்த மருத்துவர் “உங்கள் கண்ணில் ஆபத்து சற்று அதிகம்” என்று சொல்லிவிட்டால், யார் அறுவை செய்கிறார் என்பது முடிவைப் பெரிதும் மாற்றக்கூடும். அத்தகைய நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பத்தாருக்கும் இந்த விளக்கம் பயன்படும் என்று நம்புகிறேன்.

படி 1: உங்கள் கண்ணில் உள்ள சிக்கல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

“ஆபத்து அதிகம்” என்ற பொதுவான சொல்லோடு வீடு திரும்பக் கூடாது. எந்தக் காரணத்தால் ஆபத்து என்பதை மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காரணம் தெரிந்தால்தான் எப்படிப்பட்ட மருத்துவர் வேண்டும் என்பதும் தெரியும். என் பார்வையில், இந்த வழிமுறை முழுவதிலும் முக்கியமான படி இதுதான்.

இதைப் புரிந்துகொள்ள, அறுவையின்போது நடப்பதை அறிந்திருப்பது நல்லது. கண்ணின் லென்ஸ் ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. அந்த உறையை நுண்ணிய இழைகள் சுற்றிலும் தாங்கிப் பிடித்திருக்கின்றன. மருத்துவர் உறையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து, உள்ளே மங்கிப்போன பகுதியை உடைத்து வெளியே எடுத்துவிட்டு, அதே உறைக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார். உறையின் பின்சுவர், மிக மெல்லிய இடத்தில், ஏறத்தாழ 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் மட்டுமே கொண்டது. அது கிழிந்தால் கண்ணின் பின்பகுதியில் உள்ள ஜெல் முன்னே வரலாம்; லென்ஸ் துண்டுகள் விழித்திரையின் மேல் விழுந்துவிடவும் கூடும். ஆபத்து அதிகம் என்று சொல்லப்படும் கண்களில் பலவற்றில் மருத்துவர்கள் முதலில் அஞ்சுவது இந்த உறைக்கோ அதைத் தாங்கும் இழைகளுக்கோ வரக்கூடிய சேதத்தைத்தான்.

சொட்டு மருந்து விட்டும் கண்பாவை சரியாக விரியாவிட்டால், மருத்துவருக்கு வேலை செய்ய இடம் குறைகிறது. நீண்ட கால நீரிழிவு, பழைய கண் அழற்சி, லென்ஸின் மேல் வெண்துகள் படியும் சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். புராஸ்டேட் வீக்கத்துக்காகத் தரப்படும் டாம்சுலோசின் மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது கண்பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்னும் நிறத்திரையைத் தளர்த்திவிடுகிறது. அறுவையின் நடுவே அத்திரை அலைபாய்ந்து, பாவையும் சுருங்கத் தொடங்கும். மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்துவதால் இந்த விளைவு முழுமையாக நீங்குவதில்லை. ஆகவே எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அதே நேரத்தில், மருந்து கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் தானாக நிறுத்தவும் கூடாது.

கண்ணில் முன்பு பட்ட அடியும் சூடோஎக்ஸ்ஃபோலியேஷனும் உறையைத் தாங்கும் இழைகளைத் தளர்த்தக்கூடும். முற்றிப் பழுப்பேறிய கெட்டியான புரை, முழுவதும் வெளுத்த புரை, உறையின் பின்சுவர் நடுவில் பிறவியிலேயே பலவீனமாக இருக்கக்கூடிய போஸ்டீரியர் போலார் புரை ஆகியவை வேறு வகை. கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான கருவிழியின் (கார்னியா) உட்பக்கச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. வயதுவந்தோருக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 இருக்கும் இவை 1,000-க்குக் கீழே போயிருந்தால், அறுவைக்குப் பின் கருவிழி வீங்கி மங்கிவிடும் அச்சம் உண்டு. அதிகக் கிட்டப்பார்வையும் நீரிழிவு விழித்திரை நோயும் விழித்திரையின் பக்கம் கவனத்தைத் திருப்புகின்றன. மற்றொரு கண்ணில் பார்வையே இல்லாதவருக்கு, புரை எளிதானதாக இருந்தாலும் அறுவை எளிதானதன்று.

படி 2: ஆவணங்களைத் திரட்டுங்கள்

சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தின் பட்டியல், பழைய கண் அறுவைகளின் குறிப்புகள், கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சையான லேசிக் முன்பு செய்திருந்தால் அதற்கு முந்தைய கண்ணாடி அளவு ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். லேசிக் செய்த கண்ணில் செயற்கை லென்ஸின் பவரைக் கணக்கிடுவது கடினம் என்பதால் அந்தப் பழைய அளவு உதவும். கருவிழிச் செல் எண்ணிக்கை, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி படம், லென்ஸ் பவர் அளவீடு, புரை அடர்த்தியால் உள்ளே பார்க்க முடியாவிட்டால் பி-ஸ்கேன் என்னும் அல்ட்ராசவுண்ட் படம் ஆகியவற்றில் உங்களுக்கு எடுக்கப்பட்டவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

படி 3: சிக்கலுக்கு ஏற்ற மருத்துவர்களைத் தேடுங்கள்

தேடலை இப்போது பார்க்கும் கண் மருத்துவரிடமிருந்தே தொடங்கலாம். “இந்தக் கண்ணுக்கு நீங்களே அறுவை செய்வீர்களா, அல்லது இதில் அதிகப் பழக்கம் உள்ள வேறொருவரிடம் அனுப்புவீர்களா?” என்று பணிவாகக் கேளுங்கள். வேறொருவரிடம் அனுப்புகிறவர் திறமை குறைந்தவர் என்று எண்ண வேண்டாம். தன் எல்லையை அறிந்த மருத்துவர் அவர், அந்த நேர்மைக்கு நன்றி சொல்லலாம். கருவிழி பலவீனமாக இருந்தால் கருவிழி சிகிச்சையிலும் பயிற்சி பெற்ற மருத்துவரையும், கண் அழுத்த நோயான கிளாக்கோமா இருந்தால் அதற்கான நிபுணரையும், இழைகள் தளர்ந்திருந்தால் விழித்திரை நிபுணருடன் சேர்ந்து இயங்கும் மருத்துவரையும் தேடுவது பொருத்தம்.

படி 4: நேரில் சந்தித்துக் கேள்விகள் கேளுங்கள்

கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு, உடன் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் அறுவைகள் செய்திருக்கிறார் என்பதைவிட, உங்கள் கண்ணைப் போன்ற கண்களில் அண்மைக் காலத்தில் எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்பதே பயனுள்ள கேள்வி.

அடுத்து, பின்சுவர் கிழியும் விகிதத்தைக் கேளுங்கள். எல்லா வகைக் கண்களையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய பதிவேடுகளில் இது நூற்றுக்கு 1 அல்லது 2 என்ற அளவில் இருக்கிறது. கடினமான கண்களையே அதிகம் ஏற்கும் மருத்துவருக்கு இந்த எண் கூடுதலாக இருப்பது இயல்பு. ஆகவே எண்ணை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கிவிடாதீர்கள். தன் எண்ணைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறாரா, அதைத் தயங்காமல் சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள். “எனக்கு அப்படி ஒருபோதும் நடந்ததில்லை” என்ற பதிலை நான் நல்ல அறிகுறியாகக் கொள்ள மாட்டேன்.

பிறகு, “உறை கிழிந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். முன்னே வந்த ஜெல்லை அகற்றும் விட்ரெக்டமி, உறைக்கு முன்னால் வைக்கத் தகுந்த மூன்று துண்டு லென்ஸ், அதுவும் இயலாவிட்டால் வேறு வழியில் பொருத்தும் லென்ஸ் என்று அவர் வரிசையாகச் சொன்னால், முன்கூட்டியே யோசித்திருக்கிறார் என்று பொருள். வழக்கமாக உறைக்குள் வைக்கும் ஒரே துண்டு அக்ரிலிக் லென்ஸ் உறைக்கு முன்னால் வைக்க ஏற்றதன்று; ஐரிஸை உரசி அழற்சியும் அழுத்தமும் உண்டாக்கும். எனவே மாற்று லென்ஸ் அறுவை அரங்கில் தயாராக இருக்குமா என்றும் கேட்கலாம். டாம்சுலோசின் சாப்பிடுபவர் கேட்டால், கண்ணுக்குள் பாவையை விரிக்கும் மருந்தைச் செலுத்துவது, அது போதாவிட்டால் ஐரிஸ் கொக்கிகளோ வளையமோ பயன்படுத்துவது என்ற அளவுக்குத் தெளிவான பதில் வர வேண்டும்.

புரை மிகக் கெட்டியாக இருந்தால், ஒலி அலைகளால் புரையை உடைத்து உறிஞ்சும் ஃபேகோ முறையா, கையால் எடுக்கும் சிறு வெட்டு முறையா என்று கேளுங்கள். இரண்டும் கைவந்த மருத்துவர், தனக்குத் தெரிந்த முறைக்குள் கண்ணை அடக்கப் பார்க்காமல் கண்ணுக்கேற்ற முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். அறுவையை அவரே தொடக்கம் முதல் முடிவு வரை செய்வாரா, பயிற்சி மருத்துவர் எந்தப் பகுதியையாவது செய்வாரா என்பதையும் கேட்கத் தயங்க வேண்டாம்.

படி 5: இடத்தையும் பாருங்கள்

தளர்ந்த உறையைத் தாங்கும் கேப்சுலர் டென்ஷன் வளையம், வெளுத்த புரையில் உறையைத் தெளிவாகக் காட்டும் டிரைபான் நீலச் சாயம், விட்ரெக்டமி கருவி ஆகியவை அங்கே இருக்க வேண்டும். லென்ஸ் துண்டு பின்னால் விழுந்தால் விழித்திரை மருத்துவர் அதே இடத்தில் இருக்கிறாரா, இல்லையென்றால் யாரிடம், எவ்வளவு விரைவில் அனுப்புவார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சுத்திணறலால் மல்லாந்து படுக்க முடியாதவர்களுக்கும் நடுக்கம் உள்ளவர்களுக்கும் மயக்க மருத்துவர் உடனிருப்பது அவசியம். தொற்றைத் தடுக்க, அறுவைக்கு முன் கிருமிநாசினியான போவிடோன் அயோடினும் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாட்டிக்கும் தருவார்களா என்று கேட்கலாம். 2007-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, இவ்வாறு செஃபுராக்சிம் என்னும் ஆன்டிபயாட்டிக்கைச் செலுத்துவது தொற்றை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைப்பதைக் காட்டியது.

படி 6: முடிவெடுக்கும் முன்

பெரும்பாலான புரைகள் அவசரமானவை அல்ல; இரண்டாவது கருத்துக்காகச் சில வாரங்கள் காத்திருப்பதால் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் புரை உள்ள கண் திடீரென வலித்துச் சிவந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வீங்கிய லென்ஸால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் வேண்டாம், புரை இன்னும் கெட்டியாகி அறுவை மேலும் கடினமாகும்.

பேச்சு முழுவதும் விலை உயர்ந்த லென்ஸைச் சுற்றியே நகர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள். விழித்திரையின் நடுப்பகுதியில் நோய் உள்ளவர்களுக்கும் இழைகள் தளர்ந்தவர்களுக்கும் பல தூரங்களுக்கான மல்டிஃபோகல் லென்ஸ் பொதுவாக ஏற்றதன்று.

படி 7: முதல் கண்ணுக்குப் பிறகு

வலி கூடினாலோ, பார்வை குறைந்தாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ இரவிலும் யாரை அழைப்பது என்பதை வீடு திரும்பும் முன்பே எழுதி வாங்குங்கள். அறுவைக் குறிப்பின் நகலையும் கேளுங்கள்: பாவை எவ்வளவு விரிந்தது, இழைகள் எப்படி இருந்தன, எந்த லென்ஸ் எங்கே வைக்கப்பட்டது என்பவை அதில் இருக்கும். இதே சிக்கல் மற்றொரு கண்ணிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், முதல் கண் தெளிந்த பிறகே இரண்டாவதற்கு நாள் குறியுங்கள். அதை வேறொரு மருத்துவர் செய்வதாக இருந்தால், அந்தக் குறிப்பை அவர் கையில் கொடுத்துவிட்டே பேச்சைத் தொடங்குங்கள்.