முதுகுக்கு எண்ணெய் நீவல்: முதல்முறை செய்கிறவர்களுக்கு

முதுகு நீவுவதில் பாதி வேலையைச் சூடே பார்த்துக்கொள்ளும். கையும் தரையும் சில்லென்று இருந்தால், எவ்வளவு அமுக்கினாலும் தசை இறுகத்தான் செய்யும். செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும், வெயில் காலத்துக்கு இதமான ஆத்தங்குடிக் கல் இதற்கு ஆகாது. கோரைப்பாய், மேலே மடித்த ஜமுக்காளம், அதன்மேல் பழைய வேட்டி விரியுங்கள். மெத்தை வேண்டாம், நீங்கள் தரும் அழுத்தம் பஞ்சுக்குள் போய்விடும், இடுப்பும் தொய்யும். முற்றத்துக் காற்று நேராக அடிக்காத உள்ளறை நல்லது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

செக்கு நல்லெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், அதாவது 30 மில்லி போதும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள்: தண்ணீரைப் போல எண்ணெய் ஆவி விட்டுக் காட்டாது, சூடு ஏறியது தெரியாமலே கை வெந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் எண்ணெய்க் கிண்ணத்தை 5 நிமிடம் வையுங்கள். கலக்கிவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புதான் அளவு.

குப்புறப் படுத்தவருக்கு நெற்றிக்கு மடித்த துண்டு, கணுக்காலுக்குக் கீழே சின்னத் தலையணை. முதலில் வெந்நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துண்டை முதுகில் 5 நிமிடம் போடுங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது. உங்கள் மணிக்கட்டில் பார்த்த பிறகே போட வேண்டும்.

எண்ணெயை முதுகில் ஊற்றக் கூடாது. உள்ளங்கையில் அரை ஸ்பூன் எடுத்து, இரு கைகளையும் உரசிச் சூடேற்றி வையுங்கள். கை வழுக்கிக்கொண்டே போனால் எண்ணெய் அதிகம்; தோல் இழுபட்டால் குறைவு.

இடுப்பருகே மண்டியிட்டு, தலைப் பக்கம் பார்த்து அமருங்கள். தண்டுவடத்தின் இருபுறமும் உள்ளங்கைகளை வைத்து, உடலை முன்னே சாய்த்து, இடுப்பிலிருந்து தோள்வரை ஒரே இழுப்பாக நீவுங்கள். ஒரு நீவலுக்கு 8 முதல் 10 விநாடி. திரும்பும்போது விலாப் பக்கமாக லேசாக வரட்டும். இப்படி 10 முறை. தண்டுவட எலும்பின் மேல் ஒருபோதும் அமுக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள மென்மையான பகுதியிலும் கை லேசாகவே போகட்டும்.

அடுத்தது தோள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சதையை முழுக் கையால் பிடித்து, சற்றே தூக்கி, மெதுவாக விடுங்கள். சீப்புச்சீடை மாவு பிசைகிற நிதானம் வேண்டும். நுனி விரலால் கிள்ளினால் வலிதான் மிஞ்சும். முடிச்சு தட்டுப்பட்ட இடத்தில் உள்ளங்கை அடியை 15 விநாடி வைத்துத் தேங்குங்கள். புதியவர்கள் கட்டைவிரலால் குத்தி, மறுநாள் தங்கள் விரலுக்கே தைலம் தேடுவார்கள்.

“அப்பத்தா, வலிக்குதா?” என்று கேட்டால் “நல்லாத்தான்டா இருக்கு” என்பார்கள். அதை நம்பாதீர்கள். மூச்சு நின்றாலோ கால்விரல்கள் மடங்கினாலோ அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். மொத்தம் 20 நிமிடம் போதும்.

காய்ச்சல், புண், சமீபத்திய அறுவை சிகிச்சை, கால்வரை மரத்துப்போகும் இடுப்புவலி இருந்தால் செய்யாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். கர்ப்பிணிகளைக் குப்புறப் படுக்க வைக்கக் கூடாது.

முடிந்ததும் போர்வை போர்த்தி 5 நிமிடம் விட்டு, ஒருக்களித்து எழச் சொல்லுங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். எழுவதற்கு முன்பே தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்த்து எடுத்தது, மழமழப்பு அதனால்தான். ஒரு சொட்டு எண்ணெயே காலை வாரிவிடும். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் பரவும். அரிசி மாவைத் தூவி, உறிஞ்சியதும் பழந்துணியால் துடையுங்கள். துண்டையும் வேட்டியையும் அன்றே சோப்புத் தூளும் வெந்நீருமாக ஊறப்போடாவிட்டால், சிக்கு வாடை பிறகு போகவே போகாது.