மாதுளைத் தோல் சாறு கிருமியைத் தடுக்கிறதா? லேபில் பார்ப்பது எப்படி

வயிற்றுப்போக்கு என்றால் மாதுளைத் தோலை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதைக் காலேஜ் லேபில் சோதிக்க நினைப்பவர்களுக்கு இது. வீட்டில் கிருமி வளர்க்கிற வேலை வேண்டாம்.

தோலை ஒடித்தால் பட்டென்று நொறுங்கும்வரை நிழலில் உலர்த்துங்கள். பொடித்து, 10 கிராமுக்கு 100 மில்லி எத்தனால் ஊற்றி மூடி, 48 மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, வடிகட்டி, 40 டிகிரியைத் தாண்டாமல் ஆவியாக்கினால் அடியில் பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும். அதை எடைபோட்டு டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரையுங்கள். ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று குறிக்காவிட்டால் மொத்த வேலையும் வீண்.

அப்புறம் 4 மி.மீ. தடிமனில் முல்லர்-ஹின்டன் அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தட்டு. ஈ.கோலை பாக்டீரியா கரைசலின் கலங்கலை 0.5 மெக்ஃபார்லாண்டு என்ற கலங்கல் அளவுக்குக் கொண்டுவந்து, பஞ்சுக்குச்சியால் மூன்று திசையில் பூசி, 6 மி.மீ. குழிகள் வெட்டுங்கள். ஒன்றில் சாறு, இன்னொன்றில் வெறும் டிஎம்எஸ்ஓ, தள்ளி, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சிப்ரோஃப்ளாக்சசின் (ஆன்டிபயாடிக்) வில்லை. வெறும் கரைப்பானை வைக்க மறந்தால், குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் சாற்றால் வந்ததா டிஎம்எஸ்ஓவால் வந்ததா என்று வைவாவில் கேட்கும்போது முழிக்க வேண்டியதுதான்.

35 டிகிரியில் ஒரு இரவு வைத்து, தட்டைக் கவிழ்த்துப் பின்பக்கமாக வட்டத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். மூன்று தட்டாவது போடுங்கள். பெரிய வட்டம் வந்தாலும் மருந்து கிடைத்துவிட்டது என்று எழுதாதீர்கள். ரோட்டா வைரஸால் வரும் பேதிக்கும் பாக்டீரியா வளர்த்த இந்தத் தட்டுக்கும் சம்பந்தமே இல்லை. வேலை முடிந்ததும் தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யாமல் (அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லாமல்) குப்பையில் போடாதீர்கள்.