பினாங்கின் இரண்டு மாநகர் கழகங்கள்: திட்டமிடலுக்குத் தலைக்கு எவ்வளவு செலவு என்று கணக்கிடும் முறை

வீடு, நிலம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரி கட்டும் நமக்கு, குப்பை அள்ளுவதும் வடிகால் தூர்வாருவதும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரு நிலத்தில் அடுக்குமாடி எழும்பலாமா, வீடமைப்புப் பகுதிக்குள் தொழிற்கூடம் வரலாமா என்று முடிவு செய்யும் அலுவலகப் பணிக்கும் அதே வரிப்பணம்தான் செலவாகிறது என்றாலும், அதன் அளவைக் கேட்டால் பெரும்பாலோர் கையை விரித்துவிடுவோம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவைக் கவனிக்கும் பினாங்கு மாநகர் கழகத்தையும் எதிரே பெருநிலத்திலுள்ள செபராங் பிறை மாநகர் கழகத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று ஒப்பிடும் வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். இரண்டு கழகங்களின் ஒரே ஆண்டுக்குரிய வரவு செலவுப் புத்தகங்களும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களும், ஓர் எக்செல் தாளும் இருந்தால் போதும்.

முதல் படி, எந்தச் செலவைக் கூட்டப் போகிறோம் என்று எழுதி வைத்துக்கொள்வது. ஸ்காட்லாந்தில் 32 உள்ளாட்சி மன்றங்களும் ‘திட்டமிடலும் பொருளாதார மேம்பாடும்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுப்பதால், அங்கே ஒப்பிடுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். நம் புத்தகங்கள் துறை வாரியாக அமைந்திருப்பதால் அந்தத் தலைப்பை நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் வைத்திருக்கும் விதி எளிது: 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின், அதாவது 172ஆம் சட்டத்தின், கீழ் நடக்கும் பணி உள்ளே வரும், கட்டட வரைபடங்களைச் சரிபார்ப்பதுபோல் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் நடக்கும் பணி வெளியே நிற்கும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற, தீவிலுள்ள ஜார்ஜ்டவுனின் மரபுடைமைப் பணிகள் இந்த விதிக்கு அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. அவற்றைச் சேர்த்தால் தீவின் எண் உயரும், செபராங் பிறையில் அதற்கு இணையான செலவும் இராது. ஆகவே அவற்றைத் தனி வரியில் எழுதி, சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விடைகள் எடுப்பதே நேர்மை என்பது என் கருத்து.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியவன்தான். மலாய்ப் புத்தகத்தில் ‘பெலாஞ்சா பெம்பாங்குனான்’ என்ற தலைப்பைக் கண்டவுடன், ‘பெம்பாங்குனான்’ என்றால் மேம்பாடு, ஆகவே இதுதான் பொருளாதார மேம்பாட்டுச் செலவு என்று முடிவு கட்டி, முழுத் தொகையையும் மக்கள்தொகையால் வகுத்து, வந்த பெரிய எண்ணைப் பார்த்து ஒரு மாலை முழுவதும் மகிழ்ந்திருந்தேன். மறுநாள் உள்பக்கங்களை வரிவரியாகப் படித்தபோது அங்கே இருந்தவை சாலைச் சீரமைப்பு, வடிகால், மண்டபம், விளக்குக் கம்பம். அந்தத் தலைப்பு மூலதனச் செலவைக் குறிக்கிறது. அன்றாட நிர்வாகத்துக்கான ‘பெலாஞ்சா மெங்குருஸ்’ என்பதன் மறுபாதி அது. நாம் தேடும் திட்டமிடல் துறையின் பெயரிலும் ‘பெம்பாங்குனான்’ என்ற சொல் வருவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. சொல்லைப் பார்த்துக் கூட்டாமல், ஒவ்வொரு வரியும் எந்தத் துறையின் கீழ், எந்தப் பணிக்காக நிற்கிறது என்று பார்த்துக் கூட்டுங்கள்.

இரண்டாம் படியில் மூன்று சிறு முடிவுகள் உண்டு. மதிப்பீட்டுத் தொகையா, உண்மையில் செலவான தொகையா என்பது முதலாவது. வரவு செலவுப் புத்தகம் எதிர்பார்ப்பைச் சொல்கிறது, தணிக்கை செய்த நிதி அறிக்கை நடந்ததைச் சொல்கிறது, இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது. இரண்டாவதாக, திட்டமிடல் அனுமதிக் கட்டணமும் மேம்பாட்டுக் கட்டணமும் கழகத்துக்கு வருமானமாக வருகின்றன. அவற்றைக் கழிப்பதென்றால் இரு பக்கமும் கழிக்க வேண்டும். மூன்றாவது, வரவு செலவுப் புத்தகத்தில் 10000 என்ற கணக்குக் குறியீட்டின் கீழ் வரும் ஊழியர் சம்பளம். அதைத் தனி நிரலில் வையுங்கள். திட்டமிடல் என்பது பெரும்பாலும் ஆள்பலத்தால் நடக்கும் வேலை.

மூன்றாம் படி வகுத்தல். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவில் 794,313 பேரும் செபராங் பிறையில் 946,092 பேரும் வசித்தார்கள். முறை விளங்குவதற்காக மட்டும், இரு கழகங்களும் தலா 12 மில்லியன் ரிங்கிட் செலவிட்டதாக வைத்துக்கொள்வோம். தீவில் தலைக்கு 15 ரிங்கிட் 11 சென் வரும். செபராங் பிறையில் 12 ரிங்கிட் 68 சென் வரும். தொகை ஒன்றே, விடை இரண்டு.

இதை வைத்துக்கொண்டு தீவு தாராளம், பெருநிலம் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. தீவின் பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர், செபராங் பிறையின் பரப்பு சுமார் 750. அதே 12 மில்லியனைப் பரப்பால் வகுத்தால் தீவில் சதுர கிலோமீட்டருக்கு 40,000 ரிங்கிட்டும், பெருநிலத்தில் 16,000 ரிங்கிட்டும் வருகின்றன. இடைவெளி பல மடங்கு விரிகிறது. திட்டமிடல் அதிகாரி தலைகளை எண்ணுவதில்லை, நிலத்தைப் பார்க்கிறார் என்பதால் இந்த இரண்டாம் நிரலும் அட்டவணையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பொருளாதார மேம்பாடு என்ற பாதியோ கழகப் புத்தகத்தில் மெலிந்தே தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை உருவாக்கியது 1969இல் அமைந்த பினாங்கு மேம்பாட்டுக் கழகம்; அது மாநில அரசின் நிறுவனம். முதலீட்டாளர்களை அழைத்து வருவதும் மாநிலத்தின் வேலையாகவே இருக்கிறது. எனவே அந்த வரி சிறியதாக இருப்பதை அலட்சியத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோலாலம்பூரையும் சேர்க்க விரும்புவோருக்குக் கூடுதலாக ஒரு படி இருக்கிறது. அங்கே மாநில அரசு இல்லை. 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டப்படி நில வளர்ச்சியின் பொதுப் போக்கை வகுக்கும் கட்டமைப்புத் திட்டத்தையும் மாநகர் மன்றமே தயாரிக்கிறது. பினாங்கில் அந்தப் பணி மாநிலத்தைச் சேர்ந்தது. ஆகவே மாநில நகர, கிராமத் திட்டமிடல் துறையின் செலவை முழு மாநிலத்தின் 1,740,405 பேரால் வகுத்து, கிடைத்த தொகையைப் பினாங்கின் இரு எண்களோடும் கூட்டிய பிறகே, கோலாலம்பூரின் செலவை அதன் 1,982,112 பேரால் வகுத்து அருகில் எழுத வேண்டும்.