கதவைத் தட்டி விற்பதற்கு முன்: செட்டிநாட்டிலிருந்து அமெரிக்கா செல்பவர்களுக்கு

காரைக்குடியிலோ பள்ளத்தூரிலோ சேலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர் முகப்பில் வந்து உட்காருவார், ஆச்சிமார் கூடுவார்கள், அரை மணி நேரத்தில் பேரம் முடிந்துவிடும். அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நம் நாட்டிலும் 2014இல் தெருவோர வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் சாலையோரக் கடைகளைப் பற்றிய பேச்சாகவே நம் காதில் விழுகிறது. இந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவில் போய் இறங்குகிறவர், பெட்டியில் பத்துக் கண்டாங்கிச் சேலையும் நான்கு ஓலைக் கொட்டானும் (முடைந்த கூடை) இருந்தால் அக்கம்பக்கத்து வீடுகளில் காட்டி விற்கலாம் என்று எண்ணுவது இயல்புதான். அந்த எண்ணத்தைச் செயலாக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது விசா. பேரப்பிள்ளையைப் பார்க்கப் பார்வையாளர் விசாவில் போகும் பெற்றோர் அங்கே ஒரு சேலையைக்கூட வியாபாரமாக விற்கக் கூடாது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் தம்மை அழைத்துக்கொண்ட நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். ஓய்வு நேரத்தில் சொந்தமாகக் கடை விரிப்பதும் வேலையாகவே கருதப்படும். அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் மனைவியோ கணவரோ வேலை அனுமதி அட்டை பெற்றிருந்தால் மட்டுமே தொழில் செய்யலாம். நகராட்சி உரிமம் கொடுத்துவிட்டது என்பதால் விசாவின் கட்டுப்பாடு தளர்ந்துவிடாது. விற்பதற்காகக் கொண்டுபோகும் சரக்கும் சொந்த உபயோகப் பொருளாகக் கணக்கில் வராது. விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் அதை வணிகச் சரக்கு என்றே சொல்ல வேண்டும்.

அடுத்தது ஊர். வீடு வீடாக விற்பதற்கு நாடு முழுவதற்குமான ஒரே உரிமம் அமெரிக்காவில் கிடையாது. பெரும்பாலும் நகராட்சியும், நகராட்சி எல்லைக்கு வெளியே கவுன்ட்டியும் (நம் மாவட்டம் போன்றது), சில மாநிலங்களில் மாநில அரசும் தனித்தனியே விதி வகுக்கின்றன. நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் புறநகர்ப் பகுதிகளில் ஒரு நகரம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றில் வாங்கிய உரிமம் மற்றொன்றில் செல்லாது. எனவே எந்தத் தெருவில் நடக்கப் போகிறீர்களோ அந்தத் தெரு எந்த ஊரைச் சேர்ந்தது என்பதை உறுதி செய்துகொண்டு, அந்த ஊர் சிட்டி ஹாலில், அதாவது நகராட்சிக் கட்டடத்தில், இருக்கும் சிட்டி கிளார்க் என்ற நகராட்சி அதிகாரியின் அலுவலகத்தில் கேட்பதே சரியான தொடக்கம்.

அங்கே உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, நீங்கள் எந்த வகை விற்பனையாளர் என்பதுதான். சரக்கைக் கையோடு கொண்டுபோய் விற்று உடனே கொடுப்பவர் ‘பெட்லர்’. மாதிரியைக் காட்டி ஆர்டர் எடுத்துக்கொண்டு பிறகு அனுப்புபவர் ‘சொலிசிட்டர்’. ஒரு வாடகைக் கூடத்திலோ கார் நிறுத்துமிடத்திலோ சில நாள்களுக்கு மட்டும் கடை போட்டுவிட்டுப் போகிறவர் ‘டிரான்சியன்ட் மெர்ச்சன்ட்’. ஊருக்கு ஊர் இந்த வரையறைகள் சற்று மாறும். கட்டணமும் நிபந்தனையும் வகைக்கேற்ப வேறுபடும். நான் அங்கிருந்த முதல் ஆண்டில், பல வீட்டுக் கதவுகளில் தொங்கிய ‘நோ சொலிசிட்டிங்’ பலகையைப் பார்த்து, வழக்கறிஞர்கள் மேல் இவர்களுக்கு என்ன இத்தனை கோபம் என்று வியந்திருக்கிறேன். சென்னையில் சொலிசிட்டர் என்றால் வக்கீல். அந்தப் பலகை என்னைப் போன்றவனுக்காகத்தான் வைக்கப்பட்டது என்பதை, கொட்டான்களோடு தெருவில் நின்ற என்னை ஒரு காவலர் மரியாதையாக நிறுத்தி விளக்கிய பிறகே புரிந்துகொண்டேன்.

விண்ணப்பத்தில் அடையாள ஆவணம், புகைப்படம், விற்கும் பொருளின் விவரம், வண்டி எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். குற்றப் பின்னணிச் சோதனை பல ஊர்களில் உண்டு. விரல் ரேகை எடுக்கும் ஊர்களும் உண்டு. தற்காலிகக் கடைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டால் ஏமாந்த வாடிக்கையாளருக்கு ஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காக, பிணைப் பத்திரம் கேட்கும் இடங்களும் இருக்கின்றன. உரிமம் பொதுவாக ஆளுக்குத்தான். கணவர் பெயரில் வாங்கிய அட்டையை மனைவி மாட்டிக்கொண்டு போக முடியாது. அட்டையைக் கண்ணில் படும்படி அணிய வேண்டும், இருட்டிய பிறகு கதவைத் தட்டக் கூடாது என்பவை அடிக்கடி காணப்படும் நிபந்தனைகள். அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வீட்டு உரிமையாளர் சங்கங்களும் நகராட்சி விதிக்கு மேலாகத் தம் சொந்தத் தடைகளை வைத்திருக்கலாம்.

சில ஊர்களில் உரிமத்துக்கே இடமில்லை. வயோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் என்ற சிற்றூர் 1931இல், வீட்டுக்காரர் அழைக்காமல் விற்பனைக்காகக் கதவைத் தட்டுவதையே குற்றமாக்கியது. அன்றிலிருந்து அவ்வகைத் தடைகளுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. சமயப் பிரச்சாரகர்கள் அனுமதியில்லாமல் வீடு வீடாகச் செல்வதைப் பார்த்து அவர்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று கேட்க வேண்டாம். 2002இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சமயம் பரப்புகிறவரை முன் அனுமதி வாங்கச் சொல்வது பேச்சுரிமைக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. சேலை விற்பனைக்கு அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது.

உரிமம் கிடைத்த பிறகு நம்மவர்கள் அதிகம் தவறுவது, வாங்கியவர் மனம் மாறுவதற்கான கால அவகாசத்தைப் பற்றிய விதியில்தான். இது நகராட்சியுடையது அன்று, எஃப்.டி.சி. என்ற மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. வாங்குபவரின் வீட்டில் 25 டாலர் அல்லது அதற்கு மேலும், தற்காலிகமாக எடுத்த இடத்தில் 130 டாலர் அல்லது அதற்கு மேலும் விற்றால், மூன்றாவது வேலை நாளின் நள்ளிரவு வரை அவர் காரணம் சொல்லாமல் விற்பனையை ரத்து செய்யலாம். இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாள். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறைகளும் சேரா. வெள்ளிக்கிழமை மாலை விற்ற சேலைக்குச் செவ்வாய் நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும். ரத்து செய்தால் பத்து வேலை நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ‘அவர்தானே வீட்டுக்கு வரச் சொன்னார்’ என்று வாதிட்டுப் பயனில்லை. வாங்குபவர் அழைத்துப் போன விற்பனையையும் இந்த விதி உள்ளடக்கியே பேசுகிறது.

ரத்து செய்யும் உரிமையை வாய்மொழியாகச் சொல்வதோடு, ரத்துப் படிவம் இரண்டு பிரதிகளும் ரசீதும் தர வேண்டும். அந்தத் தாள்கள் எந்த மொழியில் பேசி விற்றீர்களோ அந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது பலர் கவனிக்காத வரி. தமிழ்க் குடும்பத்தில் தமிழிலேயே பேசி விற்றுவிட்டு ஆங்கில ரசீதை நீட்டினால் அது விதிப்படி போதாது. நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனபோது கடையில் பெட்டியடிப் பையனாக (கடைநிலைப் பயிற்சியாளராக), அடுத்தாளாக (உதவியாளராக) இருந்து கணக்கு எழுதக் கற்ற பிறகே மேலாள் (பொறுப்பாளர்) ஆனார்கள். தாளில் எழுதிக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. சந்தைகளிலும் பள்ளி வளாகங்களிலும் விற்கும் கைவினைப் பொருள்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. கையால் முடைந்த கொட்டான் அதில் அடங்கும். மில் சேலையும் அடங்கும் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

கோயில் வளாகத்தில் தீபாவளிச் சந்தை நடக்கும்போது மேசை வாடகைக்குக் கிடைக்கும். இடத்துக்கான அனுமதியை ஏற்பாட்டாளர் வாங்கியிருந்தாலும், விற்பனை வரிக்கான பதிவு உங்களுடைய பொறுப்பு. கலிபோர்னியாவில் 90 நாளுக்குக் குறைவாகக் கடை போடுவோருக்குத் தற்காலிக விற்பனையாளர் அனுமதி உண்டு. ஓரிகான், டெலவேர் போன்ற மாநிலங்களில் மாநில விற்பனை வரியே இல்லை. கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான்; ஆனால் அங்கே துணி விற்க, நூல் வகை, தயாரித்த நாடு, தயாரிப்பாளரோ விற்பவரோ யார் என்ற மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும்.

முறுக்கும் சீப்புச் சீடையும் அதிரசமும் விற்க நினைப்பவர்கள் ‘காட்டேஜ் ஃபுட்’ எனப்படும் வீட்டுச் சமையல் விதிகளைப் பார்க்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் இவை வேறு. நம்மவர்கள் நிறைந்த நியூ ஜெர்சி 2021இல்தான் இதற்கு வழி திறந்தது. கெடாத பலகாரங்களே பொதுவாக அனுமதிக்கப்படும். ஆட்டிறைச்சி ஊறுகாய் இதில் வராது. ஒவ்வாமை தரும் பொருள்களை உறையில் எழுதும்போது முறுக்கில் போடும் எள்ளை மறக்கக் கூடாது. 2023 முதல் அங்கே எள்ளும் அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது.

இங்கிலாந்து போகிறவர்களுக்கு வழி வேறு. அங்கே நடந்து சென்று விற்பவர் 1871ஆம் ஆண்டுப் பெட்லர் சட்டப்படி காவல்துறையிடம் 12.25 பவுண்டு கட்டி ஓராண்டுச் சான்றிதழ் பெற வேண்டும். மேசை போட்டு ஓரிடத்தில் நின்றால் அது தெரு வியாபாரம், அதற்கு உள்ளூர்க் கவுன்சிலிடம் போக வேண்டும். வீட்டில் வைத்து 42 பவுண்டுக்கு மேல் விற்றால் வாங்கியவருக்கு 14 நாள் அவகாசம். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. சான்றிதழ் கேட்பவர் அந்தப் பகுதியில் ஒரு மாதமாவது குடியிருந்திருக்க வேண்டும். ஆகவே வந்திறங்கிய வாரமே காவல் நிலையத்துக்குப் போனால், அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.