ஆங்கில மரபுத்தொடர்கள்: கதையை நம்பி ஏமாறாதீர்கள்

ஸ்பெல்லிங் பிழை, 'தி' விடுபடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும். எங்கள் தலைமுறை செய்த வேறு சில தவறுகளைப் புதிதாகப் படிப்பவர்கள் அப்படியே தொடர்வதைப் பார்க்கிறேன். அவற்றில் ஒன்று நிஜமாகவே கெடுதல் செய்கிறது.

கட்டுக்கதையை மூலம் என்று நம்புவது

'சேவ்ட் பை தி பெல்' (இக்கட்டிலிருந்து கடைசி நொடியில் தப்பிப்பது) எப்படி வந்தது என்று வகுப்பில் கேட்டால், யாராவது ஒருவர் சவப்பெட்டிக் கதையை ஆரம்பித்துவிடுவார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் உயிர் போகாதவர்களையே தவறுதலாகப் புதைத்துவிட்டார்களாம். அதனால் பிணத்தின் மணிக்கட்டில் கயிறு கட்டி, மேலே ஒரு மணியோடு இணைத்தார்களாம். ராத்திரி முழுக்க ஓர் ஆள் காது கொடுத்துக் காவல் இருப்பாராம். 'டெட் ரிங்கர்' (அச்சு அசலாக ஒருவரைப் போலவே இருப்பவர்), 'கிரேவ்யார்ட் ஷிஃப்ட்' (நள்ளிரவு வேலை நேரம்) இரண்டும்கூட இதிலிருந்தே பிறந்தன என்று சேர்த்துச் சொல்வார்கள். 1999இல் மின்னஞ்சலில் உலகம் சுற்றிய கட்டுக்கதை இது. இன்னும் ஓயவில்லை, கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

அந்த மணி குத்துச்சண்டை மேடையில் அடிப்பது. 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் என்று வைத்தன. அடி வாங்கித் தள்ளாடுகிறவர் தோற்பதற்குள் சுற்று முடிந்து மணி அடித்துவிட்டால் தப்பித்தார். 'ரிங்கர்' குதிரைப் பந்தயத்துச் சொல்: வேறொரு குதிரையின் பெயரில் திருட்டுத்தனமாக ஓடவிடும் குதிரை. 'டெட்' என்பதற்கு அங்கே 'அச்சு அசல்' என்றுதான் பொருள். சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கதைதானே, போகட்டும் என்று விட முடியவில்லை. அது பொருளையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது. என்னிடம் படித்த ஒருவர், தன் அப்பா ஐசியூவிலிருந்து பிழைத்து வந்ததை மேலதிகாரிக்கு எழுதும்போது 'சேவ்ட் பை தி பெல்' என்று போட்டிருந்தார். மனதில் சவப்பெட்டி மணி. அந்தத் தொடரோ, மேனேஜர் குடைந்து குடைந்து கேள்வி கேட்கும் நேரத்தில் போன் வந்து நாம் தப்பிப்பதற்கு உரியது. அப்பாவின் உயிரை அவர் விளையாட்டாகப் பேசுவதுபோல் அந்த மெயில் ஒலித்தது.

கதை என்றாலே பொய் என்று ஒதுக்குவது

'ரீட் தி ரயட் ஆக்ட்' நிஜமான சட்டத்திலிருந்து வந்தது. 1715இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால் அதிகாரி கலைந்துபோகச் சொல்லி உரக்க வாசிப்பார். 1 மணி நேரத்துக்குப் பிறகும் நின்றால் மரண தண்டனைவரை போகலாம். இன்று கடுமையாக எச்சரிப்பதை இப்படிச் சொல்கிறார்கள். இதைப்போல ஆண்டும் ஆவணமும் காட்ட முடிகிற கதையைத் தாராளமாக நம்பலாம்.

எல்லாவற்றுக்கும் மூலம் தேடுவது

மழை கொட்டித் தீர்ப்பதைச் சொல்லும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களே முடிவு செய்யவில்லை. கூரையிலிருந்து நாய் வழுக்கி விழுந்த கதையும் அதே மின்னஞ்சலில் வந்ததுதான்.

துக்க வீட்டில் 'கிக் தி பக்கெட்'

சாவதை விளையாட்டாகச் சொல்லும் தொடர் அது. வேண்டவே வேண்டாம்.