கோரா இசையை விமர்சிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய, அமெரிக்க மேடைகளில் கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்கத் தந்திக் கருவியைக் கேட்டுவிட்டு எழுதப்படும் விமர்சனங்களில் மென்மை, பழமை, தியானம் என்ற சொற்கள் அடிக்கடி தட்டுப்படும். ஒரே ஒருவர் அமர்ந்து, பாட்டில்லாமல், 21 தந்திகளை மீட்டுவதுதான் கலப்படமில்லாத மரபு என்ற எண்ணம் அவற்றின் பின்னால் இருக்கிறது. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

மாலி, காம்பியா, செனகல், கினி, கினி-பிசாவ் நாடுகளில் வாழும் மாண்டே மக்களிடையே கோரா வாசிப்பவர் ஒரு ஜெலி. காம்பியாவில் ஜாலி என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வழியாகப் பரவிய பெயர் கிரியோ. ஜெலி பிறப்பால் வருகிற தொழில். வம்சாவளி சொல்வது, புகழ்வது, சண்டையில் நடுவே நின்று சமரசம் பேசுவது, கல்யாணத்திலும் பெயர் சூட்டும் விழாவிலும் பாடுவது எல்லாம் அதில் அடக்கம். கோரா அந்தப் பேச்சுக்கும் பாட்டுக்கும் துணை நின்ற கருவி. பாட்டை விலக்கிவிட்டு இசையை மட்டும் பதிந்த ‘பழைய தந்திகள்’ என்ற இசைத்தட்டு மாலியிலிருந்து வந்தது 1970இல்தான். மாலியின் கோரா கலைஞர் துமானி ஜபாத்தே லண்டனில் தனி ஒரு கோராவை வைத்துப் பதிந்த ‘காய்ரா’ 1988இல் வெளிவந்தது. வெளிநாட்டு விமர்சகர் ஆதி வடிவம் என்று கொண்டாடுவது ஒலிப்பதிவுக் காலத்தில் விளைந்த வடிவம். அது அருமையான வடிவம்தான். ஆனால் அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பாடகியோடும் கிட்டாரோடும் வருகிற ஜெலியை மரபிலிருந்து விலகியவர் என்று எழுதுவது நியாயமில்லை.

அடுத்தது சுருதி. “மூன்றாம் சுரம் சற்று இறங்கி ஒலித்தது” என்று எழுதும் முன் கோராவின் சுருதி முறைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸிலாபா, சௌத்தா, ஹார்தினோ, தோமோரா என்று அவற்றுக்குப் பெயர் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏழு சுரங்கள். ஆனால் சுரங்களுக்கு இடையிலான தூரம் பியானோவின் சம அளவுக்குக் கட்டுப்படாது. சௌத்தாவில் நான்காம் சுரம் கூடியிருக்கும். அதைக் கேட்டதும் நம்மவர்களுக்குக் கல்யாணி நினைவுக்கு வரலாம். ஆனால் கமகமும் சஞ்சாரமும் இல்லாத இடத்தில் அந்தப் பெயரை ஒட்டினால் வாசகர் தவறான பாதையில் போவார். பிசகா, முறையா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கோராவின் வீச்சு மூன்று ஸ்தாயிக்குச் சற்று மேல். சந்தேகப்படும் சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வாசிப்பவர் வேண்டுமென்றே வைத்த சுரம். ஒரு தந்தியில் மட்டும் இறங்கியிருந்தால் அந்தத் தந்தி நழுவிவிட்டது.

நழுவுவதற்கும் காரணம் உண்டு. பழைய அமைப்பில் தந்திகள் தண்டியைச் சுற்றிப் பின்னிய தோல் வளையங்களில் கட்டப்பட்டிருக்கும். கொன்ஸோ என்று பெயர். சுருதி சேர்க்க அந்த வளையத்தைக் கையால் திருகித் தண்டியில் நகர்த்த வேண்டும், அதுவும் 21 முறை. அரைச் சுரைக்குடுக்கையின் வாயில் இழுத்துக் கட்டிய மாட்டுத் தோலும் இந்த வளையங்களும் ஈரப்பதத்துக்கும் மேடை விளக்கின் சூட்டுக்கும் இளகி இறுகும். பாட்டுக்குப் பாட்டு சுருதி பார்ப்பதைத் தாமதம் என்று குறை சொல்பவர்கள், அந்த மேடையில் இருந்தது தோல் வளையமா, கிட்டார் முடுக்கியா என்று பார்த்திருக்க வேண்டும்.

இரைச்சலைப் பற்றிய தவறு இன்னும் வருத்தமானது. கோராவின் உயரமான குதிரையின் (தந்திகளைத் தாங்கி நிற்கும் கட்டையின்) மேல், ஓரமெல்லாம் சிறு கம்பி வளையங்கள் கோத்த ஒரு தகட்டைச் செருகுவார்கள். நியெனியெமோ என்பது அதன் பெயர். தந்தி அதிரும்போது வளையங்கள் கிணுகிணுக்கும், நாதத்தோடு ஒரு கரகரப்பும் சேரும். திறந்த முற்றத்தில் கூட்டத்தின் நடுவே ஒலி எட்டுவதற்கும், அந்தக் கரகரப்பின் சுவைக்காகவுமே அது வைக்கப்படுகிறது. வெளிநாட்டு அரங்கில் அதை ஒலிபெருக்கிக் கோளாறு என்று நினைத்து ஒலிப்பொறியாளர் வடிகட்டுவார், அல்லது கலைஞரே முன்கூட்டிக் கழற்றிவிடுவார். பிறகு விமர்சகர் “பளிங்கு போன்ற தூய நாதம்” என்று எழுதுவார். அந்தத் தூய்மையில் பாதி, கழற்றப்பட்ட தகட்டினால் வந்தது. கோராவின் உடலில் தட்டி எழுப்பும் ‘கொன்கொன்’ ஒலிக்கும் இதே கதிதான். 

“ஒரே மெட்டு பத்து நிமிடம் சுழல்கிறது” என்ற குறை, கேட்கும் முறையில் உள்ள குறை. சுழலும் அடிப்படைக்குக் கும்பெங்கோ என்று பெயர். அதன் மேல் பாய்ந்து இறங்கும் விரைவான ஓட்டம் பிரிமிந்திங்கோ. வாசிக்கிற விரல்கள் நான்கே நான்கு: இரு கட்டைவிரல், இரு ஆட்காட்டி விரல். மற்ற ஆறும் இரண்டு கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டிருக்கும். ஆகவே “பத்து விரல்களின் ஜாலம்” என்று எழுதினால், எழுதியவர் வாசிப்பவரின் கையைப் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். இடக்கைக்கு 11 தந்தி, வலக்கைக்கு 10. மிகத் தாழ்ந்த நான்கும் இடப்பக்கம். அதற்கு மேல் அடுத்தடுத்த சுரங்கள் கைமாறிக் கைமாறி வருகின்றன. மேலிருந்து வழுக்கி வரும் ஓட்டம் ஒரு கையின் வேலையல்ல, இரு கைகளின் பின்னல். ஒரே பதிவை மூன்று தடவை கேளுங்கள். முதலில் இடது கட்டைவிரலின் தாழ்ந்த சுரங்களை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது தடவை, ஓட்டம் எந்த இடத்தில் கும்பெங்கோவை விட்டுக் கிளம்பி எந்த இடத்தில் திரும்பச் சேர்கிறது என்று கவனியுங்கள். மூன்றாவது தடவை, சுழற்சிக்குச் சுழற்சி கும்பெங்கோவே எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஓட்டம் முடிந்து சேரும் இடம் இடறாமல் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வேகத்தை மட்டும் மெச்சினால் அது கைநழுவிப் போகும்.

சொல்லை விட்டுவிட்டு இசையை மட்டும் எடைபோடுவது எளிதில் நேரும் தவறு. ஜெலியின் பாட்டில் திரும்ப வரும் மெட்டு தொன்கிலோ. அதை உடைத்துக்கொண்டு ஓதுவது போல் வேகமாகச் சொல்லும் பகுதி சத்தாரோ. மெட்டில்லாமல் கத்துவதாகச் சிலருக்குத் தோன்றும் அந்தச் சத்தாரோவில்தான் குடும்பப் பெயர்கள், முன்னோர் செய்த காரியங்கள், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற விஷயமெல்லாம் இருக்கும். மாண்டே மக்களிடம் குடும்பப் பெயரைச் சொல்லி அழைப்பதே புகழ்ச்சி. ‘கெயிட்டா’ என்று ஒருவரை விளித்தால் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தாவின் வழி அங்கே வந்து நிற்கும். பாட்டில் தன் குடும்பம் வந்ததும் ஒருவர் எழுந்து போய்ப் பணம் கொடுப்பது முறை. பாரிஸிலும் நியூயார்க்கிலும் புலம்பெயர்ந்த மேற்கு ஆப்பிரிக்கர்கள் நிறைந்த அரங்கில் இது நடந்தால், “கச்சேரிக்கு இடையூறு” என்று எழுதிவிடாதீர்கள். கச்சேரி பலித்ததற்கு அதுவே அடையாளம். அப்படிப்பட்டவர்கள் இல்லாத அரங்கில் விளிக்க ஆளில்லை. அதனால் ஜெலி சத்தாரோவைக் குறைத்து ஓட்டங்களை நீட்டுவார்.

வயதுக் கணக்கில் நிதானம் வேண்டும். துமானி ஜபாத்தே “71ஆம் தலைமுறைக் கோரா கலைஞர்” என்று எத்தனையோ கட்டுரைகள் சொல்கின்றன. தலைமுறைக்கு 25 ஆண்டு வைத்தாலும் 1,775 ஆண்டு ஆகிறது. சுன்ஜாத்தாவின் காலமே 13ஆம் நூற்றாண்டு. வாய்மொழி மரபு கோராவின் பிறப்பை அதற்குப் பின் எழுந்த காபு நாட்டோடு சேர்த்துப் பேசுகிறது. 1799இல் அச்சான தன் பயணக் குறிப்பில் ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க் எழுதியது 18 தந்திப் பெரிய யாழைப் பற்றி. குடும்பம் தன் வழியைச் சொல்லிக்கொள்வதை மதித்து, “குடும்ப மரபின்படி” என்று எழுதலாம். கருவியின் வயதை அதோடு கலக்கக் கூடாது.

பெயர்களிலும் கவனம் தேவை. ஜபாத்தே, ஜோபார்ட்டே இரண்டும் ஒரே குடும்பப் பெயர்; முன்னது பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாடுகளின் எழுத்துமுறை, பின்னது ஆங்கிலேயர் ஆண்ட காம்பியாவினுடையது. கெயிட்டா என்ற பெயரைப் பார்த்ததும் ஜெலி என்று எழுதிவிடாதீர்கள். அது ஆண்ட குடியின் பெயர். செனகலின் கோரா கலைஞர் செக்கு கெயிட்டாவுக்குக் கோரா வந்தது தாய்வழிச் சிசோக்கோ குடும்பத்திலிருந்து.

தூய்மை பேசுகிறவர்கள் கினியின் மோரி காந்தேயை அதிகம் வருத்தியிருக்கிறார்கள். 1987இல் வந்த அவருடைய ‘யெக்கே யெக்கே’ பாட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது; மின்னணுத் தாளத்தோடு கோரா சேர்ந்ததை வீழ்ச்சி என்றவர்கள் உண்டு. ஆனால் மான் தோலைத் திரித்துச் செய்த தந்தி போய் நைலான் தூண்டில் நரம்பு வந்தபோது யாரும் அப்படிச் சொல்லவில்லை.

கடைசியாக, “முதல் பெண் கோரா கலைஞர்” என்ற தலைப்பு. காம்பியாவின் சோனா ஜோபார்ட்டேவுக்கு அதைக் கொடுப்பதானால் ‘ஜெலி குடும்பத்திலிருந்து தொழில்முறையாக வந்த’ என்ற அடைமொழியை வெட்டாதீர்கள். மாலியின் மதினா ந்தியாயும் கோரா வாசித்த பெண். பெண்களுக்கு இந்தக் கலையே மறுக்கப்பட்டிருந்தது என்ற பொருளும் வந்துவிடக் கூடாது. மறுக்கப்பட்டது கருவி. பாட்டு அவர்கள் கையில்தான் இருந்தது. மாலியில் கந்தியா குயாத்தே போன்ற பாடகிகளை ‘ங்காரா’, அதாவது சொல்லாண்மை முற்றியவர் என்று அழைக்கிறார்கள்.